கைலி கட்டிய சாம்பல் ஆள்

கினந்தி என்ன வேலை செய்கிறாள் என்பது எனக்குப் புரியவே எட்டு மாதம் பிடித்தது. எங்கள் வீட்டு மாடியில் ஆறு பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். ஒருத்தி நர்ஸ், ஒருத்திக்கு வங்கியில் வேலை, மற்ற மூன்று பேர் கல்லூரி. கேட்டால் கேட்ட வாக்கில் புரிந்துவிடும். கினந்தியைக் கேட்டால் மட்டும், "நான் எலும்பு வைக்கிறேன் பாக்" என்பாள். பாக் என்றால் இங்கே ஐயா. இந்தோனேசியாவில் எங்கள் மாலாங் ஊரில் எலும்பு என்றால் பக்சோக் கடைக்காரர் இறைச்சி உருண்டைச் சூப்பில் போடுகிற எலும்புதான் எனக்குத் தெரியும். அந்தப் பெண் ஏதோ கறிக்கடையில் கணக்கு எழுதுகிறாள் என்றே நினைத்திருந்தேன்.

பிறகுதான் விஷயம் விளங்கியது. வீடியோ கேமில் ஓடுகிற, குதிக்கிற ஆட்களை வேறு யாரோ உருவாக்கித் தருகிறார்கள். அது வெறும் தோல், ஆணியில் மாட்டிய சட்டை மாதிரி. அதற்குள் எலும்பு வைத்து, எந்த எலும்பு அசைந்தால் தோல் எந்த இடத்தில் எவ்வளவு இழுபட வேண்டும் என்று வண்ணம் பூசிக் குறித்து, அசைக்கிறவர்கள் பிடித்து இழுப்பதற்குக் கைப்பிடிகளும் வைத்துக் கொடுப்பது இவள் வேலை. ரிக்கிங் என்று பெயர். வேலை நன்றாக நடந்தால் அப்படி ஒருத்தி இருந்ததே யாருக்கும் தெரியாது. சொதப்பினால் மட்டும் எல்லோரும் தேடுவார்கள்.

என்னைப் பற்றியும் இரண்டு வரி. மேடானில் பிறந்த தமிழன், பெயர் மணியம். லாரி உதிரிபாகம் விற்க மாலாங் வந்தேன். சுலாஸ்த்ரி பிடித்து வைத்துக்கொண்டாள். முப்பத்தொரு வருஷமாகிறது. வீடு அவளுடையது, மாடி வாடகை அவளுடையது, கோபம் மட்டும் என்னுடையது.

கினந்திக்குக் கேம் கம்பெனியில் வேலை வேண்டும். அதற்கு டெமோ ரீல் என்று ஒன்று அனுப்ப வேண்டும், ஒன்றரை நிமிடத்தில் தன் கைவேலையைக் காட்டுகிற வீடியோ. முதல் ரீலில் இரட்டைத் தலை டிராகன் ஒன்று, இரும்புக் கவசம் போட்ட வீரன் ஒருவன், கூடவே காது கிழிகிற பாட்டு. இருபத்தாறு இடத்துக்கு அனுப்பினாள். இருபத்தைந்து இடத்தில் மூச்சுப் பேச்சில்லை. கோலாலம்பூரிலிருந்து அஸ்ஹார் என்பவர் மட்டும் பதில் போட்டார். "டிராகன் உட்காருவதை நானும் பார்த்ததில்லை, நீங்களும் பார்த்ததில்லை. அதனால் சரியா தப்பா என்று சொல்ல வழியில்லை. நான் தினமும் பார்க்கிற எதையாவது அனுப்புங்கள். பதினைந்து நாள் இடம் காலியாக இருக்கும்."

அதே வாரம் பிளிட்டாரிலிருந்து அவள் அம்மாவும் போன் செய்தார். அங்கே பள்ளிக்கூட அலுவலகத்தில் ஓர் இடம் பேசி வைத்தாயிற்று, ஒன்றாம் தேதி வந்து சேர வேண்டும், இரண்டு வருஷம் கம்ப்யூட்டரில் பொம்மைக்கு எலும்பு வைத்தது போதும். இது அம்மா பேசியதன் சுருக்கம். முழுதும் கேட்ட எங்கள் சமையலறைக்கே அழுகை வந்துவிட்டது. இந்த ரீல் தேறாவிட்டால் ஊருக்கு வந்துவிடுவதாகக் கினந்தி ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் காலை படியிறங்கி நேராக என்னிடம் வந்தாள்.

"பாக், கைலியோட ஒரு தடவ குந்துங்களேன்."

"எதுக்கு?"

"உங்களுக்கு எலும்பு வைக்கணும்."

"ஏற்கெனவே இருக்கு."

"வெளிய தெரியல பாக், அதான் கேக்கறேன்."

கைலி இந்த வேலையில் எமனாம். கால்சட்டையில் காலுக்கு ஒரு குழாய். கைலியில் இரண்டு காலுக்கும் சேர்த்து ஒரே குழாய். குந்தினால் முழங்கால் துணியைப் பொத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அதற்குப் பயந்தே கேம்காரர்கள் ஆண்பிள்ளை எல்லோருக்கும் கால்சட்டை மாட்டிவிடுகிறார்கள். "நம்ம தெருவுல பாதி ஆம்பளைங்க கைலில இருக்காங்க. கேம்ல ஒருத்தர்கூட இல்ல. கைலி கட்டின ஆளு குந்தி எழுந்துட்டா, எனக்கு வேலை தெரியும்னு அர்த்தம்" என்றாள்.

குந்தினேன். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"நீங்க உக்காரல பாக். கிரேன்ல எறக்கற மாதிரி எறங்கறீங்க."

பின்னால் சுலாஸ்த்ரி கரண்டியோடு நின்று சிரித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மதியம் வரை இருவரோடும் பேசவில்லை. ஆனால் கினந்தி சொன்னதும் நியாயம்தான். குந்துவதற்கென்றே பிறந்த ஆள் எங்கள் தெருவில் வேறொருவர் இருக்கிறார்.

அவர் மர்தியோ, எங்கள் தெருத் தலைவர். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, பதவியைச் சொல்லி 'பாக் எர்தே' என்போம். ஞாயிற்றுக்கிழமை தெரு முழுவதும் சேர்ந்து சாக்கடை அள்ளும்போது அவர் மேற்பார்வை பார்ப்பார். கையில் விளக்குமாறு இருக்காது, கிராம்பு சிகரெட் இருக்கும். உட்காருமுன் கைலியைப் பிடித்து இரண்டு உதறு உதறுவார், படக், படக். இடுப்பில் ஒரு சுருட்டு. அப்புறம் அவசரமே இல்லாமல் ஒரு இறக்கம். அந்த உதறலைக் கேட்டதும் பக்கத்திலிருப்பவர்கள் தாமாகவே மண்வெட்டியை வேகமாகப் போடுவார்கள். அப்படி ஒரு பந்தா.

அந்த ஞாயிற்றுக்கிழமை கினந்தி மாடியில், காயப்போட்ட படுக்கை விரிப்புகளுக்கு நடுவே போனோடு ஒளிந்திருந்தாள். அவரை உட்கார வைத்து எழுப்புவது என் பொறுப்பு. அனுமதி கேட்கலாமே என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அப்போது எனக்கும் விளையாட்டு பிடித்துவிட்டது.

"பாக் எர்தே, இங்க தண்ணி நிக்குது பாருங்க."

படக், படக். குந்தினார். "எங்க நிக்குது? ஓடுதே."

"அப்போ அங்கதான்."

எழுந்தார், நாலு எட்டு நடந்தார், படக், படக். "இங்கயும் ஓடுது."

மாடியிலிருந்து விரிப்புக்கு மேலே மூன்று விரல் தெரிந்தது. இன்னும் மூன்று தடவையாம், பக்கவாட்டில் வேண்டுமாம். நான் தெருவின் எதிர்ப்பக்கம் போய் அங்கேயும் ஒரு குறை கண்டுபிடித்தேன். தீப்பெட்டியைத் தவறவிட்டேன், செருப்பைச் சாக்கடையில் விட்டேன். பதினோராவது தடவை உட்கார்ந்தபோது அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"பாக் மணியம், சாக்கடை மேல இன்னிக்கு என்ன திடீர் பாசம்?"

"தெரு நல்லா இருக்கணும்ல?"

"முப்பது வருஷமா இல்லாத அக்கறை."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. தன்னை ஒருவன் பதினோரு தடவை யோசனை கேட்டதில் உள்ளூரச் சந்தோஷம்தான்.

அடுத்த ஒன்பது நாள் மாடியில் ரகளை. இணையக் கடையில் வாங்கிய சாம்பல் நிற உடம்பு, முகம் கிடையாது, முடி கிடையாது. அதற்குக் கைலி கட்டி, இடுப்பைச் சுற்றிப் பன்னிரண்டு எலும்புச் சங்கிலிகளைத் தொங்கவிட்டாள். 'உட்கார்' என்று ஒரே ஒரு கைப்பிடி. அதை இழுத்தால் இடுப்பு இறங்கி, முட்டி மடங்கி, துணி தானாக ஒதுங்க வேண்டும். முதல் நாள் இழுத்தபோது கைலி கழுத்துக்கு ஏறியது. இரண்டாம் நாள் ஆள் உட்கார்ந்தான், கைலி நின்றுகொண்டிருந்தது. ஐந்தாம் நாள் ஒரு முழங்கால் முதுகு வழியாக வந்தது. ஒவ்வொன்றையும் கீழே கொண்டுவந்து எனக்குக் காட்டிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். எட்டாம் நாள் எல்லாம் சரியாக வந்தது. அன்றைக்குத்தான் அவள் சிரிக்கவில்லை.

"உக்கார்றான் பாக். ஆனா செத்தவன் உக்கார்ற மாதிரி இருக்கு. எங்க தப்புன்னு தெரியல."

எனக்கும் தெரியவில்லை. அஸ்ஹார் கொடுத்த பதினைந்து நாள் முடிகிற வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

புதன்கிழமை நாலு மணிக்கு எங்கள் கூடத்தில் தெரு மாதர் கூட்டம். ஒன்பது பெண்கள், ஒரு தட்டு நிறைய வாழைப்பழப் பஜ்ஜி. கொசுப்புழு பற்றிச் சுகாதார நிலையம் கொடுத்த வீடியோவைச் சுலாஸ்த்ரி போனிலிருந்து டி.வி.க்கு அனுப்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே நேரம் மாடியில் கினந்தி, தன் ஆளைப் பெரிதாகப் பார்க்கலாம் என்று நர்ஸ் அறை டி.வி.க்கு அனுப்பினாள். இரண்டும் ஒரே கம்பெனி டி.வி., ஒரே பெயர். எங்கள் டி.வி. 'சேர்த்துக்கொள்ளலாமா?' என்று கேட்டது. என் மனைவி யோசிக்காமல் 'சரி' என்று அழுத்தினாள்.

திரையில் சாம்பல் ஆள் தோன்றினான். கைலியை உதறினான். குந்தினான். எழுந்தான். மறுபடி உதறினான்.

"கொசு எங்க?" என்றார் எதிர்வீட்டு இபு ஹர்னி. இபு என்றால் அம்மா.

"இது கொசு இல்ல. ஏதோ ஆம்பள."

"மூஞ்சியே இல்லயே."

"இரு, இரு. இந்த உதறல்... ஐயோ, இது நம்ம பாக் எர்தே!"

கூடம் குலுங்கியது. ஒருத்தி பஜ்ஜியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு இருமினாள். சிரிப்பு அடங்கியதும் எல்லாத் தலையும் ஒரு பக்கமாகத் திரும்பியது. அங்கே அவர் மனைவி, இபு எர்தே, உட்கார்ந்திருந்தார். நான் டீத் தட்டோடு சமையலறை வாசலில் உறைந்து நின்றேன். கினந்தி சத்தம் கேட்டு வெறுங்காலோடு பாதிப் படி வரை ஓடி வந்திருந்தாள், முகத்தில் ரத்தமே இல்லை.

இபு எர்தே பஜ்ஜியைக் கீழே வைத்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"உதறல் அவர்தான். உக்கார்றது அவர் இல்ல."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். கினந்தி இன்னும் இரண்டு படி இறங்கி, "எப்படிச் சொல்றீங்க இபு?" என்றாள்.

"ரெண்டு முட்டியும் சேர்ந்து மடங்குதே. அவருக்கு எடது மொதல்ல போகும். வலது கொஞ்சம் யோசிச்சுத்தான் போகும்."

"எவ்ளோ நேரம் யோசிக்கும்?"

இபு எர்தே எழுந்தார். பாவாடையை முட்டிக்கு ஏற்றிப் பிடித்து, புருஷனைப் போலவே இரண்டு உதறு உதறி, அத்தனை பேர் முன்னால் குந்திக் காட்டினார். "இப்படி. கடைசில வலது குதிகால் வெளிய திரும்பும். வாலிபால்ல விழுந்ததுலேர்ந்து பதினாலு வருஷமா இப்படித்தான்."

"அது அவரு ஜெயிச்ச மேட்ச் இல்ல?" என்றார் இபு ஹர்னி.

"எங்க ஜெயிச்சாரு? பந்தத் தொடறதுக்கு முன்னாடியே விழுந்தாரு." சொன்ன பிறகுதான் இபு எர்தே வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ. யாரும் வெளிய சொல்லிடாதீங்க."

மற்ற பெண்கள் எல்லோரும் சத்தியம் செய்தார்கள். மாலைத் தொழுகைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்த நிதானமான இறக்கத்தைப் பந்தா என்று நினைத்துப் பதினாலு வருஷமாக நாங்கள் கேலி செய்துகொண்டிருந்தோம். அது வலி. இளைஞர்களுக்கு வழிவிட்டேன் என்று அவர் வாலிபாலை விட்டதும் அதனால்தான்.

கினந்திக்குத் தன் தப்பு அந்த நிமிஷமே பிடிபட்டுவிட்டது. இந்த வேலையில் எல்லோரும் இடப்பக்கத்தை மட்டும் செய்வார்களாம். வலப்பக்கத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் கம்ப்யூட்டர் பிரதி எடுத்துக்கொள்ளும். பாதி வேலை மிச்சம். "பதினோரு வீடியோ பாத்திருக்கேன் பாக். பாதி ஆளத்தான் பாத்திருக்கேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு மேலே ஓடினாள். வலப்பக்கத்தை அழித்துவிட்டுப் புதிதாகச் செய்தாள். மறுநாள் மதியம் சாம்பல் ஆள் உட்கார்ந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அன்று சாயங்காலமே பாக் எர்தே வந்தார். கறுப்புத் தொப்பி, இஸ்திரி போட்ட சட்டை, கீழே கால்சட்டை. அவரைக் கால்சட்டையில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நாற்காலி கொடுத்தோம், உட்கார மறுத்துவிட்டார்.

"என் அனுமதி இல்லாம என் குந்தல கம்ப்யூட்டர்ல போட்டிருக்கீங்க."

கினந்தி தலையைக் குனிந்துகொண்டாள். "தப்புதான் பாக். மொதல்ல உங்களத்தான் கேட்டிருக்கணும். நீங்க சொன்னா இப்பவே அழிச்சிடறேன்."

அவள் சும்மா சொல்லவில்லை, கை ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருந்தது. அழித்தால் வேறொன்று செய்ய நேரமில்லை. அப்புறம் பிளிட்டார், பள்ளிக்கூடம், வருகைப் பதிவேடு. நான் வாயைத் திறந்தேன்.

"நீங்க பேசாதீங்க பாக் மணியம்! பதினோரு தடவ!"

மனிதர் எண்ணியிருக்கிறார்.

"காட்டு" என்றார்.

காட்டினாள். சாம்பல் ஆள் உதறினான், இடது முட்டி போனது, வலது தயங்கி அப்புறம் போனது, குதிகால் திரும்பியது. இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இவ்ளோ தெரியுதா?" என்றார்.

"தெரியுது பாக்."

"எல்லாருக்குமா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. "பாக்கத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்."

கடைசியில் நிபந்தனை போட்டார். முகம் கூடாது, பெயர் கூடாது, எடுத்த வீடியோக்கள் அத்தனையும் தன் கண்முன்னால் அழிய வேண்டும், யார் கேட்டாலும் இது யாருடைய முட்டி என்று சொல்லக் கூடாது. கினந்தி பதினொன்றையும் அழித்தாள், வாக்குக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை காலை ரீல் போனது. பாட்டு இல்லை, டிராகன் இல்லை. கைலி கட்டிய ஒரு ஆள் குந்தி எழுகிறான், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அஸ்ஹார் வீடியோவில் பேசக் கூப்பிட்டார். மாடியில் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்று கூடத்து மேஜையில் உட்கார வைத்தோம். துணைக்கு நான் பக்கத்தில், திரையில் தெரியாமல். ஜன்னலுக்கு வெளியே பாக் எர்தே எங்கள் மின்சார மீட்டரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மீட்டர் பார்ப்பது தெருத் தலைவர் வேலை இல்லை. தன்னைப் பற்றிக் கோலாலம்பூரில் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும். கைலிக்குத் திரும்பியிருந்தார்.

"கைலி பிரமாதம்" என்றார் அஸ்ஹார். "போன்ல ஓடற கேமுக்கு இவ்ளோ கம்மி எலும்புல யாரும் எனக்குச் செஞ்சு காட்டினதில்ல. ஆனா ஒரு விஷயம். 'உட்கார்' கைப்பிடிய இழுத்தா வலது முட்டி ஆறு ஃப்ரேம் லேட்டா வருது. குதிகாலும் திரும்புது. வலப்பக்கத்துக்குப் பிரதி எடுக்கறப்போ பிசகிடுச்சா?"

"இல்ல என்சிக். வேணும்னே செஞ்சது." மலேசியக்காரரை என்சிக் என்று சொல்வது மரியாதை.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க." அவர் குரலில் கோபமில்லை, களைப்புதான். "பிசகு வர்றது தப்பில்லம்மா. வந்தது தெரியாம அனுப்பறவங்கள எடுத்தா எனக்குத்தான் கஷ்டம். யாரையாவது பாத்துச் செஞ்சிருந்தா அந்த வீடியோவக் காட்டுங்க."

"அழிச்சிட்டேன் என்சிக்."

"சரி, யாரு அவரு?"

என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மேஜைக்கடியில் கினந்தி என் காலை நன்றாக மிதித்தாள்.

"சொல்ல முடியாது என்சிக். வாக்குக் குடுத்திருக்கேன்."

அஸ்ஹார் எதையோ எழுதிக்கொண்டார். அந்த எழுத்து எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். முதுகை நேராக வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அந்த மீட்டர் மனிதர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. பாக் எர்தே உள்ளே வந்தார். தொப்பியைச் சரி செய்துகொண்டார், திரைக்கு சலாம் சொன்னார்.

"என் பேரு மர்தியோ. இந்தத் தெருவுக்கு எர்தே. பிசகு இந்தப் பொண்ணு வேலைல இல்ல. என் முட்டில."

நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கேமராவுக்கு எதிரே போய் நின்றார். படக், படக். இடது முட்டி போனது. வலது யோசித்தது, அப்புறம் போனது. குதிகால் வெளியே திரும்பியது. மாடிப் படியில் இரண்டு பெண்கள், சமையலறை வாசலில் சுலாஸ்த்ரி, மேஜையோரம் நான். பதினாலு வருஷம் மறைத்ததை அத்தனை பேருக்கும் முன்னால், முன்பின் தெரியாத ஒருவருக்கும் சேர்த்து, அவர் உட்கார்ந்து காட்டினார்.

அஸ்ஹார் திரைக்கு வெகு அருகில் வந்தார். "பாக், இன்னொரு தடவ உக்காந்து காட்ட முடியுமா?"

"எழுந்தாத்தானே இன்னொரு தடவ?" என்றார் பாக் எர்தே. "பதினோரு தடவ குந்தின அந்த ஞாயித்துக்கிழமையிலேர்ந்து வீங்கியிருக்கு. இன்னிக்கு எழுப்பி விடத்தான் ஆள் வேணும்."

யாரும் சிரிக்கவில்லை. முப்பது வருஷமாக அவரைக் கிண்டல் செய்தே பிழைப்பு நடத்திய நானும் எழுந்துவிட்டேன்.

"கினந்தி, எப்ப வந்து சேர முடியும்?" என்று அஸ்ஹார் கேட்டார்.

நாற்காலியில் அவள் இல்லை. நான் ஓடிப்போய் இடது பக்கம் கைக்குக் கிடைத்த இடத்தைப் பிடித்து வெடுக்கென்று தூக்கப் பார்த்தேன். "இருங்க பாக்" என்று என்னை அடக்கினாள். அவர் வலது பக்கம் மண்டியிட்டு, ஒரு கையை முழங்கைக்கு அடியிலும் இன்னொன்றை முட்டிக்குப் பின்னாலும் கொடுத்தாள். அந்த முட்டி தயாராகிற வரை கொஞ்சம் பொறுத்தாள். பிறகு தூக்கினாள். அவர் முகம் சுளிக்காமல் எழுந்தார்.

"ஒண்ணாம் தேதி வந்துடறேன் என்சிக்" என்று தரையிலிருந்தே பதில் சொன்னாள்.